ஏரியும் எரியும்



பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து பழைய நண்பர் ஒருவர் சென்ற திங்கள் என் இல்லத்திற்கு வந்திருந்தார். மானாவாரி நிலத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மகளையும் உடன் அழைத்து வந்திருந்தார். திண்ணையில் அமர்ந்ததும் அமராததுமாக, "ஐயா, இவளுக்கு நீங்கள்தான் நல்ல புத்தி சொல்ல வேண்டும். பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்கிறார்கள். இவளோ தமிழ் படிக்கப் போகிறாளாம். அதற்குப் பிறகு சொற்கலை, நினைவு ஆராய்ச்சி, கணினி என்று ஏதேதோ அடுக்குகிறாள். இதெல்லாம் சோறு போடுமா?" என்றார்.

மகள் வாய் திறக்கவில்லை. துணிப்பையிலிருந்து பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். அட்டை போய், ஓரங்களைக் கரையான் தின்ற நோட்டு. அவளுடைய அப்பாயி கித்தேரியம்மாள் அம்மானையை மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, அவ்வூர் உபதேசியார் எழுதி வைத்தாராம். அப்பாயி எழுதப் படிக்கத் தெரியாதவர்.

"இதையெல்லாம் நான் கைப்பேசியில் தட்டச்சுச் செய்துவிட்டேன் ஐயா. அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் பல இடங்களில் வேறுபடுகிறது. அப்பாயி சொன்னது பிழையா, அச்சில் வந்தது பிழையா?" என்று கேட்டாள்.

நாற்பதாண்டு தமிழ் கற்பித்த எனக்கு விடை தெரியவில்லை. "வரும் சனிக்கிழமை ஏலாக்குறிச்சிக்கு வாருங்கள். அங்கே பேசுவோம்" என்று கூறி இருவரையும் அனுப்பி வைத்தேன்.

ஏலாக்குறிச்சியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அம்மானையை இயற்றிய வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்டுப் போற்றிய ஊர் அது; கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில், அடைக்கல அன்னையின் ஆலயத்தோடு விளங்குகிறது. கொன்ஸ்தாந்தீன் யோசேப்பு பெஸ்கி என்னும் இயற்பெயருடைய அவர், 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அவ்வூரே. 1698-இல் சேசு சபையில் சேர்ந்து, 1710-இல் கோவாவிற்கும் மறு ஆண்டில் மதுரை மறைப்பணித் தளத்திற்கும் வந்தார். இவ்வளவும் நம் வாசகர்கள் பலமுறை படித்ததே. அவர் எதைக் கற்றுவிட்டு இங்கு வந்தார் என்பதை மட்டும் நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

சேசு சபைப் பள்ளிகளுக்கென 1599-இல் வகுக்கப்பட்ட பாடத்திட்டத்தில் இலக்கணத்திற்கும் மானுடக் கல்விக்கும் மேலே சொற்கலை வகுப்பு இருந்தது. சொற்கலை என்பதை மேடைப் பேச்சு என்று மட்டும் கருதிவிடக் கூடாது. பொருளைத் தேடுதல், தேடியதை நிரல்படுத்துதல், சொல்லால் அழகு செய்தல், நினைவில் இருத்துதல், குரலாலும் மெய்ப்பாட்டாலும் வெளியிடுதல் என ஐந்து உறுப்புகளை உரோமானியர் அதற்கு வகுத்திருந்தனர். நான்காவதாக நிற்கும் நினைவைக் கவனியுங்கள். கிரேக்கக் கவிஞர் சிமோனிடீசைப் பற்றி ஒரு பழங்கதை வழங்குகிறது. விருந்து மண்டபம் இடிந்து விழுந்து, மாண்டவர் அடையாளம் தெரியாமல் சிதைந்துவிட, யார் யார் எந்த இடத்தில் அமர்ந்திருந்தனர் என்பதை நினைவுகூர்ந்து ஒவ்வொருவரையும் அவர் இனங்காட்டினாராம். இடத்தோடு சேர்த்து வைத்த செய்தி மறக்காது என்னும் உத்தி அவ்வாறு பிறந்தது என்பர். அதே உத்தியைச் சேசு சபையின் மத்தேயு ரிச்சி அடிகள் 1596-இல் சீன மொழியில் நூலாக எழுதிச் சீனப் பெருமக்களுக்குக் கற்பித்தார்.

வீரமாமுனிவர் இங்கு வந்தபோது தமிழரிடமும் ஓர் ஐந்து இருப்பதைக் கண்டார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி. இவ்வைந்தையும் ஒருங்கே கூறும் தொன்னூல் விளக்கத்தை 1730-இல் எழுதினார். அதன் பொருளதிகாரத்தில் அகம், புறம் என்னும் வழக்கமான பாகுபாட்டை விரித்துச் செல்லாமல், ஒரு பொருளை எடுத்துரைத்து நிறுவும் வழியைப் பேசுகிறார். இங்கேதான் உரோமானியச் சொற்கலை தமிழ் நூற்பாவிற்குள் நுழைகிறது. செந்தமிழ் பற்றி இலத்தீனில் அவர் எழுதிய மற்றொரு நூலின் பெயரை மொழிபெயர்த்தால், 'உயர்தமிழின் மானுடக் கல்விக்குத் திறவுகோல்' என்று வரும். நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1876-இல் தரங்கம்பாடியில் அது அச்சேறியது.

ஏன் இவ்வளவு உழைப்பு? ஒரு குருவிற்கு எத்தனையோ ஊர்கள். ஆண்டில் சிலமுறையே அவர் ஓர் ஊருக்கு வர இயலும். மற்ற நாளெல்லாம் மக்கள் முன் நின்று பேசியவர் உபதேசியாரே. அவருக்கென்று வேதியர் ஒழுக்கம் எழுந்தது. உபதேசியார்களுக்குச் சொற்கலை புகட்டும் களமாக ஏலாக்குறிச்சி இருந்ததென்று, மார்கரீத்தா திரெந்தோ என்னும் இத்தாலிய ஆராய்ச்சியாளர், தமிழ்க் கத்தோலிக்க இலக்கியம் பற்றி 2022-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் விரிவாகக் காட்டுகிறார். சொற்கலையும் நினைவும் பற்றி ஆராய்ந்து ஒருவர் வாழ்நாளைக் கழிக்கலாம் என்பதற்கு அயல்நாட்டில் பிறந்த ஒரு பெண்மணி சான்றாக நிற்கிறார். அவர் ஆராய்ந்ததோ நம் கொள்ளிடக்கரை ஊர்.

சனிக்கிழமை வந்தது. அரியலூர்ப் பேருந்தில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் புழுதி குடித்துக்கொண்டே சென்றோம். இந்த மண்ணின் நினைவாற்றலைப் பற்றித் தனியே ஒரு திங்கள் எழுத வேண்டும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது. சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் நீளமான மரமொன்று ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளாகக் கல்லாய்க் கிடக்கிறது. 1940-இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து உலகிற்குச் சொன்னார். அதுவரை அது ஊராருக்கு வெறும் கல்.

ஆலயத்தின் நிழலில் அமர்ந்ததும் பெண்ணின் நோட்டை வாங்கி, அவள் ஐயுற்ற முதல் இடத்தைப் பார்த்தேன். நோட்டில் 'எரி' என்றிருந்தது. அவள் வைத்திருந்த அச்சுப் படியில் 'ஏரி'. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாசகர்களே, வீரமாமுனிவருக்கு முன் எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் ஒரே வடிவந்தான். குறிலாயின் மேலே ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் அதை விட்டுவிடுவர். ஆகவே தண்ணீர் நிற்கும் ஏரியும் தீயாகிய எரியும் ஓலையில் ஒன்றுபோலவே தோன்றும். இடம் நோக்கித்தான் பொருள் கொள்ள வேண்டும். நெடிலுக்குக் கீழே ஓர் இழுப்பும், கொம்பிற்கு மேலே ஒரு சுழியும் சேர்த்து இக்குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர் என்றே தமிழறிஞர் போற்றுவர். அம்மாற்றம் உடனே பரவிவிடவில்லை. அச்சுப்பொறி வந்த பின்னரே நிலைபெற்றது. ஏலாக்குறிச்சி என்னும் ஊர்ப்பெயரின் முதல் எழுத்தையே இன்று ஐயமின்றிப் படிப்பதற்கு அந்த இழுப்புத்தான் துணை.

"அப்படியானால் உபதேசியார் பழைய ஏடு பார்த்து எழுதினாரா, அப்பாயி சொன்னதைக் கேட்டு எழுதினாரா?" என்றாள் பெண். கேள்வியைக் கேளுங்கள்! ஏடு பார்த்து எழுதியிருந்தால் இவ்வேறுபாடு கண்ணால் நேர்ந்தது. கேட்டு எழுதியிருந்தால் காதால் நேர்ந்தது, அல்லது அப்பாயியின் ஊரில் அம்மானை அவ்வாறே பாடப்பட்டது. மூன்றும் மூன்று வேறு வரலாறுகள். நோட்டு முழுவதிலும் உள்ள எகர, ஏகாரங்களை எண்ணிப் பார்த்தால்தான் எது என்று சொல்ல முடியும். கையால் எண்ண எத்தனை நாளாகும்?

இத்தகைய எண்ணும் வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கலாம் என்று முதலில் துணிந்தவர்களுள் ஒருவரும் ஓர் இத்தாலியச் சேசு சபைக் குருவே. 1913-இல் பிறந்த உரோபெர்த்தோ பூசா அடிகள், புனித தோமா அக்குவினாரின் நூல்களில் 'உள்' என்னும் பொருள் தரும் ஒரு சிற்றிடைச்சொல் எங்கெங்கே வருகிறது என்று தேடினார். பல்லாயிரம் அட்டைகளில் கையால் எழுதிக் களைத்த பின், 1949-இல் அமெரிக்கா சென்று ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைக் கண்டு உதவி கேட்டார். ஒரு கோடிக்கு மேற்பட்ட இலத்தீன் சொற்களுக்கு அகரவரிசை செய்யும் அப்பணி முப்பதாண்டு நடந்து, 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக அச்சாயிற்று. அட்டைகளில் துளையிட்டவர்கள் கல்லராத்தே நகரின் இளம்பெண்கள். நெடுங்காலம் அவர்கள் பெயரை யாரும் கேட்கவில்லை; அண்மை ஆண்டுகளில்தான் ஆராய்ச்சியாளர் தேடிச் சென்று கேட்டிருக்கின்றனர். இதைச் சொன்னபோது பெண் தன் நோட்டை ஒருமுறை தடவிக்கொண்டாள்.

நம்மவரும் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். 1732-இல் முடிந்த சதுரகராதியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், பொருள், தொகை, தொடை என ஒரே சொற்களஞ்சியத்தை நான்கு வாயில்களால் திறந்து காட்டுகிறது. எதுகை தேடும் புலவனுக்குத் தொடையகராதி, பொருளுக்குச் சொல் தேடுபவனுக்குப் பொருளகராதி. இன்று கணினியில் ஒரே தரவைப் பலவாறு வரிசைப்படுத்துகிறார்களே, அதே எண்ணம். 1824-இல் சென்னைக் கல்விச் சங்கத்தார் அதை அச்சிட்டனர். 1998-இல் சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்குமுள்ள தமிழர் ஊதியம் பெறாமல் தட்டச்சுச் செய்தனர். 3615 பாடல்கொண்ட தேம்பாவணியும் இன்று அவ்வாறு கிடைக்கிறது.

நண்பர் இதுவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஐயா, முனிவர் சந்தா சாகிப்பிடம் திவானாக இருந்தார், பல்லக்கில் போனார் என்று எங்கள் அப்பா சொல்வார். அதையும் இந்தக் கணினி சொல்லுமா?" என்றார்.

கேட்க வேண்டிய கேள்விதான். எல்லீசு துரையின் ஏவலால் 1816-இல் தென்னாட்டில் சுவடி தேடிய புதுச்சேரி முத்துச்சாமிப் பிள்ளை, வீரமாமுனிவர் வரலாற்றை 1822-இல் எழுதினார். பல்லக்கும் திவான் பதவியும் பெரும்பாலும் அவர் வழியாகவே நமக்கு வந்தவை. பின்வந்த சேசு சபை வரலாற்றாசிரியர்கள் திவான் செய்தியை ஐயுறுகின்றனர். முனிவர் 1742-இல் மணப்பாட்டில் இறந்தார் என்பதே முன்பு வழங்கியது. 1747-இல் கேரளத்து அம்பழக்காட்டில் இறந்தார் என்பதையே இன்று பெரும்பாலோர் ஏற்கின்றனர். அரியலூர் அரசர் அரங்கப்ப மழவராயரின் இராஜபிளவை அடைக்கல அன்னையின் அருளால் நீங்கியதென்று இவ்வூரார் சொல்லும் வரலாறும் உண்டு. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் சிலையாக நின்றவர் எந்த வீரமாமுனிவர்? ஆவணம் காட்டுபவரா, மக்கள் நினைவில் வாழ்பவரா? நினைவை ஆராய்வோர் ஒன்றைக்கொண்டு மற்றதை அழிப்பதில்லை. யார், எப்போது, எதற்காக அவ்வாறு நினைவில் கொண்டனர் என்று கேட்பார்கள். நண்பருக்கு இது முழுவதும் உவப்பாக இல்லை. அவருடைய தந்தை பொய் சொன்னார் என்று நான் கூறுவதாக எண்ணிவிட்டார் போலும்.

சோற்றுக் கேள்விக்கும் ஒளிக்காமல் விடை சொன்னேன். முதுகலை, தேசியத் தகுதித் தேர்வு, முனைவர் பட்டம் என்று பத்தாண்டு போகும். இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் ஈராண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் என்று 2023-இல் உயர்த்தியிருக்கிறார்கள். அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. நிலையான பேராசிரியர் பதவிக்குக் காத்திருந்து தலைநரைத்த கௌரவ விரிவுரையாளர்களை நான் அறிவேன். கணினியும் தமிழும் ஒருங்கே கற்றவர்க்கு வழி சற்று அகலம். கொள்ளிடத்திற்கு அப்பால் தஞ்சையில், 1981-இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதையாவது ஒருமுறை போய்ப் பார்த்து வரும்படி சொன்னேன். உறுதிமொழி எதுவும் கொடுக்க என்னால் முடியவில்லை.

திருமானூர் செல்லும் பேருந்துக்காகச் சாலையோரம் நின்றிருந்தோம். பெண் நோட்டைத் திறந்து, கரையான் தின்ற ஓரிடத்தைக் காட்டி, "இங்கே இரண்டு அடி போய்விட்டது ஐயா. அச்சிலும் இந்த இடம் வேறு மாதிரி இருக்கிறது" என்றாள். நண்பர் எட்டிப் பார்த்தார். முன்னடியை அவள் படித்ததும், அவர் கண்ணை மூடிக்கொண்டு, மெல்லிய குரலில், அம்மானை மெட்டிலேயே அடுத்த இரண்டு அடிகளையும் பாடினார். பாடி முடித்தவர், "சிறுவயதில் தூங்கும்போது கேட்டது" என்றார்.

அவள் அவசரமாகக் கைப்பேசியை எடுத்து, "அப்பா, இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றாள். பேருந்து வந்து நின்றது. நடத்துநர் விசில் ஊதினார். "அடுத்த பேருந்தில் போகலாம்" என்றார் நண்பர்.

கல்லூரி விண்ணப்பத்திற்கு இன்னும் பத்து நாள் இருப்பதாகச் சொன்னார்கள்.