காவலுக்கு ஒரு கடிவாளம்

புதுச்சேரியிலிருந்து சென்னைக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு, "மரக்காணம் வந்துவிட்டது" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாலையோரத்து உப்பளங்களும் வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களுமே சொல்லிவிடும். சென்ற மாதம் அந்த வழியே பஸ்ஸில் போனபோது பக்கத்தில் அத்தை. அவள் மடியில் ஊறுகாய் ஜாடி.

"இது உன் தங்கைக்குத்தான். பாவம், மூட்டெல்லாம் வலி. கன்னத்தில் சிவப்புத் தடிப்பு. 'லூபஸ்' என்றாராம் டாக்டர். உடம்பில் எதிர்ப்புச் சக்தி போதவில்லை போலிருக்கிறது. நல்ல டானிக்காக ஒன்று வாங்கிக் கொடேண்டி!"

"சக்தி போதாமல் இல்லை, அத்தை. அடக்க ஆள் போதாமல்தான் அந்த வியாதி!" என்றேன்.

சகோதரிகளே, அத்தைக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கிருமி புகுந்தால், ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் 'பி' என்ற வகை, எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கிறது. "தயாரி!" என்று தூண்டுவது உதவி 'டி' அணு. "போதும், நிறுத்து, அது நம் வீட்டுச் சொத்து, தொடாதே!" என்று தடுப்பது ஒழுங்குபடுத்தும் 'டி' அணு. இந்தக் காவலரை 1995-ல் அடையாளம் காட்டியவர் ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி. அந்த அணுவுக்கு ஆதாரமான மரபணுவை 2001-ல் கண்டவர்கள் அமெரிக்கரான மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும். மூவருக்கும் 2025-ல் நோபல் பரிசு கிடைத்தது. எதிர்ப்பொருள் உருவாகும் நிணநீர்க் கணுக்களிலேயே நின்று மேற்பார்க்கும் தனி வகைக் காவலரும் உண்டென்று 2011-ல் தெரிய வந்தது.

இந்தக் காவல் தளர்ந்தால், எதிர்ப்பொருள் சொந்த மூட்டையும் சிறுநீரகத்தையுமே தாக்கும். லூபஸ் நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள் என்பது நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

"அதோ பாருங்கள், பாத்திக்குப் பாத்தி வரப்பு. தண்ணீர் வேண்டியதுதான், மடை திறந்தபடியே கிடந்தால் ஒரு கல் உப்புத் தேறுமா? தங்கைக்கு டாக்டர் கொடுப்பது சக்தியை அடக்கும் மருந்து. நீங்கள் கொடுக்கச் சொல்வது கிளப்பிவிடும் டானிக். இரண்டும் ஒரே வயிற்றில் என்ன செய்யும்?"

அத்தை மெல்ல ஜாடியைப் பார்த்தாள். "இதாவது கொடுக்கலாமா?"

"உப்பு மிகுந்தால் அந்தக் காவல் அணுக்களின் அடக்கும் திறன் குறைவதாக 2015-ல் ஆய்வுக்கூடச் சோதனையில் கண்டார்கள். ஆய்வுக்கூடத்தில் நடப்பதெல்லாம் உடம்பில் அப்படியே நடக்கும் என்பதில்லை. ஆனாலும் நாளைக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்குள் நிறுத்திக்கொள்வது எல்லாருக்கும் நல்லது. அவள் விஷயத்தில் டாக்டரைக் கேட்டே கொடுங்கள்."

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே!" என்று முணுமுணுத்தாள் அத்தை. "போகட்டும், நானே சாப்பிட்டுக்கொள்கிறேன்."

"உங்கள் ரத்த அழுத்தம்?"

ஜாடியின் மூடியை இறுக்கித் திருகிவிட்டு, அத்தை உப்பளத்தை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள்!