ஒரே பாளை, இரண்டு ருசி: பதநீருக்கு அனுமதி, கள்ளுக்குத் தடை ஏன்?

தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் 2025 ஜூன் 15 அன்று, நாம் தமிழர் கட்சியின் தலைமை ஒருங்கிணைப்பாளர் சீமான் பனை ஏறி கள் இறக்கினார். கள்ளை உணவாகப் பார்க்க வேண்டும் என்பது அவரது வாதம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அதே பாளையில் வடியும் பதநீரை மட்டும் ரோட்டோரத்தில் தாராளமாகக் குடிக்கலாம். அப்படி என்னதான் வித்தியாசம்?

எல்லாம் சுண்ணாம்புதான்

பனம்பாளையைச் சீவினால் வடிவது இனிப்பான சாறு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காது. அதுதான் பதநீர், ஊர்ப்பேச்சில் பதனி. சுண்ணாம்பு தடவாவிட்டால், காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றத் தொடங்கிவிடும். அதுதான் கள்.

ருசி எப்படி மாறும்?

புதுக் கள்ளில் இனிப்பு தூக்கலாக இருக்கும். நேரம் ஆக ஆக இனிப்பு குறைந்து, புளிப்பும் காட்டமும் ஏறும். இன்னும் விட்டால் வினிகர்தான். திராட்சை ஒயினை வருடக்கணக்கில் வைத்து ருசி பார்க்கலாம்; கள்ளுக்கு ஆயுள் ஒரே நாள். அதனால்தான் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குகிறார்கள். தேரி மண்ணுக்குப் பேர்போன உடன்குடியின் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இரண்டு பக்க வாதம்

டாஸ்மாக்கில் அதைவிடப் பலமடங்கு போதையுள்ள மதுவை அரசே விற்கும்போது கள்ளுக்கு மட்டும் ஏன் தடை, பக்கத்தில் கேரளாவில் கள்ளுக்கடை இருக்கிறதே என்கிறார்கள் ஆதரவாளர்கள். கள்ளில் கலப்படம் செய்வது சுலபம், குடிநோய் இன்னும் பெருகும் என்கிறது எதிர்த்தரப்பு.

பனையேறிக்கு என்ன?

தினமும் ஏறி இறங்கணும். தவறி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. பதநீர் சீசனோ வருடத்தில் சில மாதம்தான். கருப்பட்டி காய்ச்ச விறகும் ஆளும் வேணும். சீனி கலந்த மலிவுக் கருப்பட்டியோடு விலையில் போட்டி போடவும் முடியவில்லை. கள்ளை அனுமதித்தால் காய்ச்சும் செலவு மிச்சம், கையில் அன்றாடக் காசு. அனுமதிக்காவிட்டால், அசல் கருப்பட்டிக்காவது கட்டுப்படியாகும் விலை கிடைக்கணும். இரண்டுமே இல்லையென்றால், மாநில மரம் நிற்கும். ஏறத்தான் ஆள் இருக்காது.