மூலத்தின் கோணலும் நகலின் துல்லியமும்

1977ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தில் வெண்ணிறக் கவசத்துடன் தோன்றும் ஸ்டார்ம்ட்ரூப்பர் வீரர்களின் தலைக்கவசத்தை நகலெடுப்போர் இன்று உலகின் பல நாடுகளிலும் உள்ளனர். ஒரு நகல் முடிவுற்றதும் அதைச் செய்தவரிடம் கேட்கப்படும் முதற்கேள்வி, இது துல்லியமானதா என்பதே. பொழுதுபோக்காளர்களின் சிறு சச்சரவு என்று இக்கேள்வியை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், சிதைந்த சிற்பத்தைச் செப்பனிடும் காப்பாளர், தொல்பொருளின் மாதிரியைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகத்தார் ஆகிய அனைவரும் எதிர்கொள்ளும் கேள்வியும் இதுவே. எதற்குத் துல்லியம் என்பதைத் தெளிவுபடுத்தாமல் துல்லியத்தை மதிப்பிடுவது பொருளற்றது. மதிப்பீட்டாளர்களில் பெரும்பாலோர் இந்த முதற்படியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றனர்.

முதலில், ‘மூலம்’ எனப்படுவது யாது? பிரிட்டிஷ் நீதிமன்றப் பதிவுகளிலிருந்து தலைக்கவசம் உருவான வரிசை ஓரளவு தெளிவாகிறது. ரால்ஃப் மெக்குவாரி தீட்டிய ஓவியங்கள் தொடக்கம். படத்தின் ஆடை வடிவமைப்பாளர் ஜான் மொல்லோ. ஓவியத்தை முப்பரிமாணமாக்கிக் களிமண்ணில் மாதிரி செய்தவர் நிக் பெம்பர்டன். இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் சொன்ன திருத்தங்களுக்கேற்ப அவர் அதைப் பன்முறை மாற்றினார். அதன்பின் ட்விக்கன்ஹாமில் தொழில் நடத்திய ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த், சூடேற்றிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் படியவிட்டு, இடையிலுள்ள காற்றை உறிஞ்சி உருக்கொடுக்கும் முறையில், படத்துக்காக 50 தலைக்கவசங்களைச் செய்தளித்தார்.

ஓவியம், களிமண், அச்சு, பிளாஸ்டிக், வண்ணம் என ஐந்து நிலைகளைக் கடந்தே அப்பொருள் படப்பிடிப்புத் தளத்தை அடைந்தது. ஒவ்வொரு நிலையிலும் அது சற்று மாறியது. களிமண்ணில் கூர்மையாயிருந்த விளிம்பு, தகட்டின் தடிப்பினால் மழுங்கியது. முகப்பகுதியும் பின்பகுதியும் தனித்தனியே வார்க்கப்பட்டு இணைக்கப்பட்டன. இணைப்பை மறைக்கும் காதுத் துண்டுகள் கையால் அரியப்பட்டுப் பொருத்தப்பட்டன. எனவே ஒரே அச்சில் பிறந்தவை கூட ஒன்றுபோல் இல்லை. கன்னத்தின் கீழுள்ள குழாய்ப் பகுதியின் கோடுகள் தூரிகையால் தீட்டப்பட்டவை. அவற்றின் எண்ணிக்கையும் இடைவெளியும் கவசத்துக்குக் கவசம் வேறுபடும்.

பொருளிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. பெரும்பான்மையான கவசங்கள் பாலிஎத்திலீன் தகட்டில் செய்து வெள்ளை பூசப்பட்டவை. வண்ணம் எளிதில் பற்றாத பிளாஸ்டிக் அது. அண்மைக் காட்சிகளுக்கென ஒரு சில மட்டும் வெள்ளை ஏபிஎஸ் தகட்டில் செய்யப்பட்டன. முன்னதில் கண்ணாடித் தகடு தட்டையானது; பின்னதில் புடைத்தது. வாய்ப்பகுதியில் வெட்டித் திறக்கப்பட்ட பற்களின் எண்ணிக்கைகூட இரு வகைக்கும் ஒன்றன்று. புடைத்த கண்ணாடியையும் கையால் பூசிய வெள்ளையையும் ஒரே கவசத்தில் சேர்த்துவைத்த நகல், தன் ஒவ்வோர் உறுப்பிலும் சரியாக இருந்தும் முழுமையில் ஒருபோதும் இருந்திராத ஒரு பொருளாகிறது. இரு சுவடிகளின் பாடங்களை அடையாளமின்றிக் கலந்து மூன்றாவதொரு பாடத்தை ஆக்கும் பதிப்பாசிரியரின் பிழைக்கு இது நிகர்.

சமச்சீர்மை பற்றிய மயக்கம் இதனினும் ஆழமானது. அதே படத்தின் டார்த் வேடர் முகமூடியைக் களிமண்ணில் செதுக்கியவர் பிரையன் மியூர். கண்ணாலும் கையாலும் செதுக்கப்பட்டதால் அதன் இடப்பாதியும் வலப்பாதியும் ஒத்திருப்பதில்லை. 2005ஆம் ஆண்டு வெளியான ‘ரிவெஞ்ச் ஆஃப் த சித்’ படத்துக்காகக் கணினியின் துணையுடன் அம்முகமூடி சமச்சீராக்கப்பட்டது. கதையின் காலவரிசையில் 2005இன் முகமூடி முந்தையது. செய்பொருளின் காலவரிசையில் பிந்தையது. திருத்தப்பட்ட வடிவத்தைக் கண்டு பழகிய தலைமுறை, 1977இன் கோணலை உண்மையாகப் பேணிய நகலைக் கண்டு அது நெளிந்திருக்கிறது என்று குறைகூறுகிறது. ஸ்டார்ம்ட்ரூப்பர் தலைக்கவசத்துக்கும் இதுவே கதி: மூலம் சற்றே ஒருபுறம் சாய்ந்தது, இக்காலத்தில் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுக்கப்படும் நகல்களோ, பாதியை வரைந்து மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாக ஒட்டுவதால், பிழையற்றவையாகக் காட்சியளிக்கின்றன. பிழையற்றிருப்பதே அவற்றின் பிழை.

சான்றுகளைப் பற்றியும் பேசவேண்டும். மூலத்தை நேரில் அளந்தவர் மிகச் சிலர். ஏனையோர் நம்புவது புகைப்படங்களையும் படத்தின் சட்டகங்களையும். புகைப்படம் நடுநிலையான சாட்சி அன்று. குறுகிய குவியத் தூரமுள்ள வில்லையால் அருகிலிருந்து எடுத்த படத்தில் வாய்ப்பகுதி பெருத்துக் காதுகள் பின்வாங்கும். நீண்ட குவியத் தூரமுள்ள வில்லையால் தொலைவிலிருந்து எடுத்த படத்தில் முகம் தட்டையாகி அகலும். இவ்விரு படங்களையும் நகலின் ஒரே படத்தோடு ஒப்பிட்டால் இருவேறு தீர்ப்புகள் கிடைக்கும். ஒளியும் ஏமாற்றும். 1977இன் வேடர் முகமூடி முழுக் கறுப்பன்று. கறுப்பும் உலோகச் சாம்பலும் பகுதி பகுதியாகப் பூசப்பட்டது. திரையில் அது ஒரே கறுப்பாகத் தோன்றுவதால், திரையைக் கண்டு செய்தவர் முழுக் கறுப்பாகவே செய்வார். தளத்துப் பொருளை அறிந்தவர் இருநிறத்தில் செய்வார். இருவருமே தத்தம் அளவில் துல்லியமானவர்கள். முன்னவரின் மூலம் பிம்பம். பின்னவரின் மூலம் பொருள். காலமோ மூன்றாவது மூலத்தையும் படைத்துவிட்டது: மஞ்சளித்து, வண்ணம் உரிந்து இன்று எஞ்சியிருக்கும் கவசம். அதை அப்படியே நகலெடுப்பவர் 1977ஐ நகலெடுப்பதில்லை. இடைப்பட்ட பல பத்தாண்டுகளையும் சேர்த்தே எடுக்கிறார்.

இத்துறையின் கூர்த்த நோக்கர்கள் எவ்விதக் கல்விப் பயிற்சியுமின்றிக் கண்டடைந்த ஒரு முறை ஆய்வாளர்களின் கவனத்துக்கு உரியது. மூலத்திலிருந்து நேரே எடுத்த அச்சில் வார்த்தது முதல் தலைமுறை. அவ்வார்ப்பிலிருந்து மீண்டும் அச்செடுத்து வார்த்தது இரண்டாம் தலைமுறை. வார்க்கும் பொருள்கள் இறுகும்போது சிறிதளவு சுருங்குவதால் ஒவ்வொரு தலைமுறையிலும் அளவு குறையும், நுண்கோடுகள் மங்கும், ஒரு நகலில் விழுந்த கீறலோ காற்றுக்குமிழோ அதன் வழித்தோன்றல் அனைத்திலும் தொடரும். ஆகவே ஒரு நகலின் மரபை அறிய, அது மூலத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்ப்பது போதாது. எந்தெந்த நகல்களோடு எந்தெந்தக் குறைகளைப் பகிர்ந்துகொள்கிறது என்று பார்க்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் லாக்மானின் பெயரால் அறியப்பட்ட பாடத்திறனாய்வு முறையின் அடிப்படையும் இதுவே. பொதுவான சரிகள் உறவை மெய்ப்பிப்பதில்லை. பொதுவான பிழைகளே மெய்ப்பிக்கின்றன. இரு சுவடிகளில் ஒரே வரி விடுபட்டிருப்பதும் இரு கவசங்களில் ஒரே புருவ மேட்டில் ஒரே பள்ளம் இருப்பதும் தருக்க அளவில் ஒரே வகைச் சான்று.

துல்லியத்தின் நடுவர் யார் என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு. 2004இல் ஐன்ஸ்வொர்த் தலைக்கவச நகல்களைச் செய்து விற்கத் தொடங்கினார். லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் அமெரிக்காவிலும் பின்னர் இங்கிலாந்திலும் வழக்குத் தொடுத்தது. தலைக்கவசத்தின் பதிப்புரிமை தமக்குரியது என்ற ஐன்ஸ்வொர்த்தின் எதிர்வாதத்தை 2008இல் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதேவேளை, தலைக்கவசம் ஒரு ‘சிற்பம்’ என்ற நிறுவனத்தின் வாதமும் நிலைபெறவில்லை. 2011 ஜூலையில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது: கலைப்படைப்பு திரைப்படமே, தலைக்கவசம் அப்படத்தை ஆக்கும் பணியில் பயன்பட்ட ஒரு பொருள். அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியது குறித்து இங்கிலாந்து நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பதும் அத்தீர்ப்பின் மற்றொரு பகுதி.

சட்டத்தின் நோக்கில் இது உரிமைச் சிக்கல். ஆய்வாளர் நோக்கில் இதிலிருந்து பெறவேண்டிய முடிவு வேறு: உரிமையும் துல்லியமும் இருவேறு செய்திகள். உரிமம் பெற்ற நிறுவனம் வெளியிடும் நகல் அதனாலேயே துல்லியமாகிவிடாது. பலரின் தலைக்கும் பொருந்தவேண்டுமென அளவு கூட்டப்பட்டதாகவோ, உற்பத்தி எளிமைக்காகச் சமச்சீராக்கப்பட்டதாகவோ அது இருக்கலாம். உரிமம் பெறாதவர் செய்ததென்பதால் ஒரு நகல் பொய்யாகிவிடுவதுமில்லை. மூலத்தைச் செய்த கைக்குக்கூட இறுதித் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் தானாகக் கிட்டாது. பல ஆண்டுகளுக்குப் பின் அதே கை செய்வது இன்னொரு பொருள். உரிமையாளரின் முத்திரை, செய்தவரின் நினைவு, நோக்கரின் அளவீடு ஆகிய மூன்றும் மூன்று வகைச் சான்றுகள். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைப்பதே குழப்பத்துக்குக் காரணம்.

1997இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘501ஆவது லீஜன்’ என்னும் ஆர்வலர் அமைப்பு, உறுப்பினராக விரும்புவோரின் உடையைப் புகைப்படங்களைக் கொண்டு மதிப்பிடுகிறது. எந்தப் படத்தின் எந்த வகைக் கவசம் என்பதை முதலில் வரையறுத்து, அவ்வகைக்குரிய இலக்கணத்தோடு ஒப்பிடுகிறது. அடிப்படை ஏற்பு, அதற்கு மேற்பட்ட நிலைகள் எனப் படிகளையும் வைத்திருக்கிறது. ‘எதற்குத் துல்லியம்’ என்ற கேள்வியை முன்வைத்த பின்னரே மதிப்பிடும் இம்முறை, ஆய்வேடுகளுக்குத் தெளிவான அளவுகோலின்றி மதிப்பெண் இடும் பல கல்வித்துறைகளைவிட நேர்மையானது. ஆனால் எந்தப் பட்டியலுக்கும் உரிய அபாயம் இதற்கும் உண்டு. பட்டியல் நாளடைவில் மூலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐம்பது கவசங்களும் ஐம்பது விதமாக இருந்தபோது, பட்டியலிலுள்ள ஒரு விதம் மட்டும் ‘சரி’ எனவும் ஏனையவை ‘பிழை’ எனவும் ஆகிவிடும். உண்மையான படப்பிடிப்புக் கவசமே அத்தேர்வில் தோற்கக்கூடும் எனில், தேர்வு அளப்பது துல்லியத்தையன்று, ஒருமைப்பாட்டை.

களிப்புக்காகச் செய்யும் பொருளுக்கு இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அட்டையிலும் நுரைத்தகட்டிலும் தன் கையால் ஒரு கவசம் செய்து அணியும் மாணவரிடம் பற்களின் எண்ணிக்கையைக் கேட்பது அறமாகாது. அவர் துல்லியத்தை உரிமை கோரவில்லை. உரிமை கோரப்படும் இடத்தில்தான் மதிப்பீடு கடமையாகிறது. மூலக் கவசங்கள் ஏலங்களில் பெருந்தொகைக்கு விலைபோகும் காலம் இது. மிகத் துல்லியமான நகலே மிக எளிதில் போலியாக மாறக்கூடியது. இரண்டுக்கும் இடையே நிற்பது பொருளின் வடிவமன்று, அதனுடன் வரும் சொல். ‘இது இன்ன அச்சிலிருந்து இன்ன தலைமுறையில் வார்க்கப்பட்டது’ என்று அறிவிக்கும்வரை அது நகல். அவ்வறிவிப்பு மறைக்கப்பட்ட கணத்தில் அதே பொருள் மோசடி. ஓவியத்தில் போலி உண்டு, இலக்கியப் பனுவலில் அவ்வாறு இல்லை என்று 1968இல் வேறுபடுத்திக் காட்டிய மெய்யியலாளர் நெல்சன் குட்மன், உருவாக்க வரலாற்றையே அவ்வேறுபாட்டின் மையமாக வைத்தார். அச்சில் பிறக்கும் தலைக்கவசத்திற்கும் அது பொருந்தும்: எந்த அச்சு, எந்தக் கை, எந்த ஆண்டு என்பவை அதன் அடையாளத்தின் பகுதிகள்.

ஆகவே துல்லியம் பற்றிய எந்தத் தீர்ப்பும் நான்கு செய்திகளைத் தாங்கி வருதல் வேண்டும். ஒப்பிடப்படும் மூலம் எது: ஓவியமா, தளத்துப் பொருளா, திரைப் பிம்பமா, இன்று எஞ்சியிருப்பதா? சான்று எது: நேரடி அளவீடா, புகைப்படமா, பிறிதொரு நகலா? நகலின் மரபு யாது? எவ்விடங்களில் செய்தவர் அறிந்தே விலகினார், ஏன்? இந்நான்கும் இல்லாத ‘நூறு விழுக்காடு துல்லியம்’ என்ற சொற்றொடர் விளம்பரம் மட்டுமே. இந்நான்கையும் சொல்லிய பின் ‘வாய்ப்பகுதியில் ஐயம்’ என்று முடியும் மதிப்பீடு அறிவின் பங்களிப்பு.

இதில் இன்னொரு நீதியும் அடங்கியிருக்கிறது. திரைப்படத்தின் பெயரோடு இயக்குநரின் பெயர் நிலைத்துவிடுகிறது. களிமண்ணைப் பிசைந்தவர், தகட்டைச் சூடேற்றியவர், இரவோடிரவாகக் கோடுகளைத் தீட்டியவர் ஆகியோரின் பெயர்கள் வழக்கு மன்றத்துக்கு வந்தால்தான் வெளிப்படுகின்றன. அவர்கள் விட்டுச்சென்ற ஒரே கையொப்பம் அந்தக் கோணல்: ஒரு கண் மற்றதைவிடச் சற்றே தாழ்ந்திருப்பது, ஒரு காது அளவு தவறி அரியப்பட்டிருப்பது. கணினி அதை நேராக்கும்போது துடைத்தெறியப்படுவது குறையன்று, உழைப்பின் தடயம். நகலைக் கையிலேந்தும் மதிப்பீட்டாளர், அதன் இருபாதிகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு முன், மூலத்தைச் செய்தவரின் கை அதில் எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பாராக.