"என் உயிரு, என் ரிஸ்க்கு" என்று சொல்லும் பைக் தம்பிகளுக்கு

பைக்கில் வேகமாகப் போகாதே என்று யார் சொன்னாலும் உடனே ஒரு பதில் வரும்.

"என் வண்டி, என் உயிரு, என் ரிஸ்க்கு. உங்களுக்கு என்ன சார்?"

அரசு மருத்துவமனையில் விபத்துக் கேஸ்களைப் பார்க்கும் மருத்துவராக இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. கொஞ்சம் நீளமான திரெட். பொறுமையாகப் படிங்க.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சின்ன ஆபரேஷனாக இருந்தாலும் முதலில் சம்மதப் படிவம் வைப்போம். என்ன செய்யப் போகிறோம், என்ன ஆபத்து வரலாம் என்று சொல்லுவோம். புரிந்ததா என்று கேட்டுத்தான் கையெழுத்து வாங்குவோம்.

நினைவோடு இருக்கும் ஒருவர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் கத்தி வைக்க முடியாது. அவர் உயிரைக் காப்பாற்றவே செய்தாலும் சரி, அவர் உடம்பில் ரிஸ்க் எடுக்க அவர்தான் அனுமதி தர வேண்டும்.

இப்போது நீங்கள் ஊருக்குள் 80ல் போகிறீர்கள். பால் வாங்க ரோட்டைக் கடக்கும் பாட்டி, டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பையன், உங்கள் பின்சீட்டில் உங்களை நம்பி உட்கார்ந்திருக்கும் தங்கச்சி. இவர்கள் எல்லார் உடம்பிலும் நீங்கள் ரிஸ்க் எடுக்கிறீர்கள். இவர்களில் யாரிடம் கையெழுத்து வாங்கினீர்கள்?

என் கேள்வி இவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் கணக்கு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் சுமார் 75 ஆயிரம் பேர் டூ வீலரில் போனவர்கள். சுமார் 33 ஆயிரம் பேர் நடந்து போனவர்கள். மொத்த மரணங்களில் 70 சதவிகிதத்துக்கு மேல் அதிவேகம்தான் காரணம் என்று பதிவாகியிருக்கிறது.

அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. 64,105 விபத்துகள். இறந்தவர்கள் 17,884 பேர்.

"எனக்கு கண்ட்ரோல் இருக்கு சார், பிரேக் அடிச்சா நிக்கும்" என்பீர்கள். அதையும் பார்ப்போம்.

ஒரு குழந்தை 30 மீட்டர் தூரத்தில் திடீரென்று ரோட்டுக்குள் ஓடி வருகிறது என்று வையுங்கள். கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்க சுமார் ஒன்றரை நொடி ஆகும். இது உங்கள் திறமைக் குறைவு இல்லை. மனித நரம்பு மண்டலம் அப்படித்தான்.

40ல் வருபவர் அந்த ஒன்றரை நொடியில் 17 மீட்டர் போயிருப்பார். காய்ந்த ரோடு, நல்ல பிரேக் என்றால் இன்னும் 9 மீட்டரில் வண்டி நின்றுவிடும். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

60ல் வருபவருக்கு பிரேக் பிடிக்கவே 25 மீட்டர் போய்விடும். மீதி 5 மீட்டரில் எவ்வளவு அழுத்தினாலும் 50க்கு மேல் வேகத்தில் மோதுவார்.

80ல் வருபவர் ஒன்றரை நொடியில் 33 மீட்டர் போயிருப்பார். அதாவது பிரேக்கைத் தொடும் முன்னமே குழந்தையை இடித்திருப்பார், அதே 80ல்.

மூன்று பேருக்கும் ஒரே பிரேக், ஒரே குழந்தை. வேகம் மட்டும்தான் வேற.

இன்னொரு விஷயம். வேகம் இரண்டு மடங்கு ஆனால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு ஆகும். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்த கணக்குதான். 40ல் போய் சுவரில் மோதுவது இரண்டாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 80 என்றால் எட்டாவது மாடி. எட்டாவது மாடி கைப்பிடிச் சுவரில் நடந்து காட்டச் சொன்னால் நடப்பீர்களா?

"அந்தப் பாட்டி பார்த்து கிராஸ் பண்ணியிருக்கலாமே?"

நிறைய பேர் கேட்பது இது. பார்த்துத்தாங்க கிராஸ் பண்ணுகிறார்கள்.

ரோட்டைக் கடக்கும் ஒருவர் வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது, வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறார். பைக்குக்கு முன்பக்கம் ரொம்பச் சின்னது. லாரி, பஸ்ஸை விட பைக் தூரத்தில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும்தான் கண்ணுக்குத் தெரியும். நல்ல பார்வை உள்ளவர்களுக்கே இந்த நிலைமை.

கண்புரை உள்ள பெரியவருக்கு இன்னும் கஷ்டம். சின்னக் குழந்தைகளுக்கோ வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறனே முழுதாக வளர்ந்திருக்காது. தெருவில் எல்லாரும் 30, 40ல் வருவார்கள் என்று நம்பித்தான் அவர்கள் காலை எடுத்து வைக்கிறார்கள். 80ல் வருபவர் அந்த நம்பிக்கையை உடைக்கிறார்.

சரி, மோதிய பிறகு உடம்புக்குள் என்ன நடக்கிறது?

வண்டி நின்றுவிடும், உடம்பும் நின்றுவிடும். உள்ளே இருக்கும் உறுப்புகள் அதே வேகத்தில் முன்னே போகும். மூளை மண்டையோட்டுக்குள் மோதும், முறுக்கும். மூளைக்குள் ஓடும் நுண்ணிய நரம்பு இழைகள் அறுந்துபோகும். சில பேருக்கு சி.டி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமே தெரியாது, ஆனால் நோயாளி கண் திறக்க மாட்டார். "ஸ்கேன் நார்மல்னு சொல்றீங்க, ஏன் டாக்டர் இன்னும் முழிக்கல?" என்று வாசலில் நிற்கும் அப்பா கேட்பார்.

தொடை எலும்பு உடைந்தால் வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமல் உள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் போகும். மொத்தம் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான். மண்ணீரல் கிழிந்தாலும் இதே கதை.

ஹெல்மெட் கட்டாயம் போடுங்க. ஹெல்மெட் மரண ஆபத்தை சுமார் 40 சதவிகிதம் குறைக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது தலைக்குத்தான். கழுத்துக்கும் மண்ணீரலுக்கும் இல்லை. நீங்கள் இடிக்கும் பாட்டிக்கோ எதுவுமே இல்லை.

அந்தப் பாட்டிக்கு உயிர் போகாவிட்டாலும் இடுப்பு எலும்பு உடையும். அதுவரை தன் வேலையைத் தானே பார்த்தவர் படுக்கையில் விழுவார். படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, நிமோனியா என்று ஒவ்வொன்றாக வரும். பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேலையை விட வேண்டிவரும். இந்தக் கணக்கு எந்த விபத்துப் புள்ளிவிவரத்திலும் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களிடம் வந்தால் வேகமாக வந்தவர் யார், நடந்து வந்தவர் யார் என்று பிரித்துப் பார்க்க மாட்டோம். பார்க்கவும் கூடாது. யாருக்கு உயிர் ஆபத்து அதிகமோ அவருக்குத்தான் முதல் சிகிச்சை. 2021ல் வந்த "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்திலும் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை யார் தப்பு என்று கேட்காமல்தான் கிடைக்கிறது. அதுதான் சரி.

ஆனால் மருத்துவமனை அப்படி நடந்துகொள்வதால் ரோட்டில் நடந்தது நியாயம் ஆகிவிடாது.

"லாரிக்காரன் வேகமா வர்றான், ரோடு பூரா பள்ளம், ராங் சைடுல வர்றாங்க. எங்களை மட்டும் ஏன் சொல்றீங்க?"

நீங்கள் சொல்வது எல்லாமே உண்மை. ரோட்டைச் சரிசெய்ய வேண்டியது அரசின் கடமை, அதைக் கேட்கவும் வேண்டும். ஆனால் பள்ளம் இருக்கிறது, ராங் சைடில் வருவான் என்று தெரிந்த ரோட்டில் வேகத்தைக் கூட்டுவதா, குறைப்பதா?

வேகமாக ஓட்ட ஆசையே படக்கூடாது என்று சொல்லவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கிறது. அங்கே இறங்கும் எல்லாரும் ஆபத்து தெரிந்து, சம்மதித்து, பாதுகாப்பு உடை போட்டு இறங்குகிறார்கள். பக்கத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும். குறுக்கே எந்தப் பாட்டியும் வர மாட்டார். அங்கே "என் ரிஸ்க்கு" என்று சொன்னால் நானும் ஒத்துக்கொள்வேன்.

இனி மற்றவர்களுக்கு.

பெற்றோர்களே, லைசென்ஸ் இல்லாத பிள்ளைக்குச் சாவி கொடுக்காதீர்கள். 2019 சட்டத் திருத்தப்படி 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்தாகும்.

சாப்பாடு ஆர்டர் செய்பவர்களே, "எங்க இருக்கீங்க, சீக்கிரம் வாங்க" என்று டெலிவரி தம்பிக்குப் போன் போடாதீர்கள். பத்து நிமிடம் லேட்டானால் குழம்பு ஆறும், சூடு பண்ணிக்கலாம்.

பின்சீட்டில் உட்காருபவர்களே, பயமாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். "மெதுவா போ, இல்லேன்னா நான் இறங்கிக்கறேன்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

பைக் ஓட்டும் தம்பி, தங்கைகளே, சென்னையில் 2023 நவம்பர் முதல் டூ வீலருக்கு 50, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 என்று வேகம் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர் தெருவில் போர்டு இல்லாவிட்டாலும் அந்த 30ஐ வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோமீட்டரை சிக்னலே இல்லாமல் 60க்குப் பதிலாக 80ல் போனால்கூட மிச்சமாவது இரண்டரை நிமிடம்தான். அடுத்த சிக்னலில் நின்றால் அதுவும் போச்சு.

உங்களைக் கண்டு ஒதுங்கக்கூட நேரம் கிடைக்காதவர்களிடம் இருந்து அந்த இரண்டரை நிமிடத்தை எடுக்காதீங்க.

வீட்டில் பைக் ஓட்டும் பிள்ளை இருந்தால் இதை அவருக்கு அனுப்புங்கள். திட்ட வேண்டாம், படிக்கச் சொன்னால் போதும்.