‘கல்யாணம் ஆயிடுச்சாம்மா?’



கோலமும் சமையல் குறிப்பும் பார்க்கத்தான் இந்த இணைப்பை நான் முதலில் கையில் எடுப்பேன். எலுமிச்சை ஊறுகாய் பூசணம் பிடிக்காமல் இருக்க ஒரு யோசனை எழுதிப் போட்டு, அது பிரசுரமும் ஆகியிருக்கிறது! இந்தத் தடவை ஊறுகாய் விஷயம் இல்லை. ரொம்ப நாளாக மனசை உறுத்திக்கொண்டிருக்கிற விஷயம்.

நான் இருப்பது ஒரகடம் பக்கம், வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். கல்யாணமாகி இங்கே வந்தபோது ஏரியும், நெல் வயலும், வேர்க்கடலைக் கொல்லையும்தான். இப்போது விடிகாலையில் வாசல் தெளிக்க வெளியே வந்தால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. ஜன்னலோரம் தூங்கி வழிகிற பெண் பிள்ளைகள். பத்தொன்பது, இருபது, மிஞ்சினால் இருபத்திமூன்று வயசு இருக்கும். முப்பது வயசுக்காரியை அந்த பஸ்ஸில் பார்ப்பது அபூர்வம்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, “பாத்தியா, நம்ம ஊர்ல செய்யற போன் அமெரிக்காவுக்குப் போகுதாம்!” என்று பெருமையாகப் படித்தார். எனக்கும் பெருமைதான். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மகள் மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை. “போகட்டும்ப்பா. போனுக்காவது வேலை கிடைச்சுதே” என்றாள்.

அவள் கதையைச் சொல்கிறேன். பிளஸ் டூ முடித்ததும் இங்கே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தாள். (பெயர் வேண்டாம். பேப்பரில் அடிபட்ட கம்பெனி இல்லை அது.) நாலு வருஷம் லைனில் நின்றாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற அளவுக்குச் சின்னச் சின்ன சாமான்களை சர்க்யூட் போர்டில் சரிபார்க்கிற வேலை. இரண்டு தடவை ‘நல்ல தொழிலாளி’ என்று கப் வாங்கினாள். அவள் கல்யாணத்துக்குப் போட்ட ஐந்து பவுனில் மூன்று பவுன் அவள் சம்பாதித்ததுதான். கல்யாணம் நிச்சயமானதும் வேலையை விடச் சொன்னது கம்பெனி இல்லை, நாங்கள்தான். அதை மறைக்க மாட்டேன். சம்பந்தியம்மா, “நைட் ஷிப்ட் எல்லாம் நம்ம குடும்பத்துக்கு ஒத்து வராது” என்றார். நானும் தலையாட்டினேன்.

இப்போது பேத்திக்கு மூன்று வயசு. மாப்பிள்ளை லோடு வேன் ஓட்டுகிறார். வேனுக்கு வாங்கின கடனே கழுத்தை நெரிக்கிறது. “அத்தை, அவ வேலைக்குப் போனா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை” என்று அவரே சொன்னார். சம்பந்தியம்மாவும் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மகளும் சந்தோஷமாகச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஆள் எடுக்கிற காண்ட்ராக்டர் ஆபீசுக்குப் போனாள்.

மார்க் ஷீட்டைப் பார்க்கவில்லை, நாலு வருஷ அனுபவத்தைக் கேட்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவள் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும், “சரிம்மா, வேக்கன்சி வந்தா கூப்பிடறோம்.” அவ்வளவுதான், அப்புறம் கூப்பிடவே இல்லை.

அதே வரிசையில் நின்ற எங்கள் தெருப் பெண் ஒருத்தி கெட்டிக்காரி. மெட்டியைக் கழற்றிப் பர்ஸில் போட்டு, தாலியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அவள் படுகிற பாடு இருக்கிறதே! குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்க முடியாது, பாட்டிக்குக் காய்ச்சல் என்றுதான் கேட்க வேண்டும். அந்தப் பாட்டிக்கு இதுவரை ஏழு தடவை காய்ச்சல் வந்தாயிற்று!

இது ஏதோ எங்கள் தெருக் கதை என்று நினைத்திருந்தேன். 2024 ஜூன் மாதம் ராய்ட்டர் செய்தி நிறுவனம் இதையே பெரிய செய்தியாக வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் செய்கிற பாக்ஸ்கான் தொழிற்சாலையில், அசெம்பிளி வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று பல பேரை விசாரித்து எழுதியிருந்தார்கள். குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அடிக்கடி லீவு, நகை... இதெல்லாம்தான் காரணங்களாம். 2022-ல் ஆள் எடுத்ததில் சில தவறுகள் நடந்தன, சரிசெய்துவிட்டோம் என்று கம்பெனி சொன்னது. புதிதாக எடுப்பவர்களில் நூற்றுக்கு 25 பேர் மணமானவர்கள் என்றும் சொன்னது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. விசாரிக்கப் போன அதிகாரிகளிடம் கம்பெனி கொடுத்த கணக்கு இது: மொத்தப் பெண்கள் 33,360, அதில் மணமானவர்கள் 2,750. அதாவது நூற்றுக்கு எட்டுப் பேர். நம் தெருவில் எட்டு வீட்டுக் கதவைத் தட்டினாலே இதைவிட அதிகமாகச் சுமங்கலிகள் கிடைப்பார்களே!

சரி, அவர்கள் சொல்கிற காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எனக்குப் பெரிய படிப்பு இல்லை. மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் நகை. சீப்பால் உலர்ந்த தலையை வாரிவிட்டு, காகிதத் துண்டுகளுக்குப் பக்கத்தில் காட்டினால் ஒட்டிக்கொள்ளும், சின்ன வயசில் விளையாடியிருப்போம். நைலக்ஸ் புடவையை இருட்டில் உருவினால் பட்பட் என்று பொறி பறக்கும். அதுதான் நிலை மின்சாரம். நம் விரலில் சுரீர் என்று உறைக்க வேண்டுமானால் ஏறக்குறைய 3,000 வோல்ட் சேர வேண்டுமாம். ஆனால் 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே சில சிப்கள் செத்துப்போகும்! நமக்குத் தெரியாமலே நம் விரல் ஒரு சிப்பைக் கொன்றுவிடலாம். அதனால்தான் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதிலிருந்து வயர் எடுத்துப் பூமியோடு இணைக்கிறார்கள். தனிச் செருப்பு, தனிக் கோட்டு, தலைக்குத் தொப்பி எல்லாம் உண்டு. உலோகம் போர்டில் பட்டால் கீறல் விழும், மின்சாரம் குறுக்கே பாயும். ஆகவே நகை கூடாது என்பது நியாயம்தான், நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நகை என்றால் தாலியும் மெட்டியும் மட்டும்தானா? கல்யாணமாகாத பெண் போடுகிற கொலுசும் தோடும் என்ன, பிளாஸ்டிக்கா? ஆம்பளைகள் போடுகிற மோதிரமும் வெள்ளி அரைஞாணும்? அவர்களை எல்லாம் “கழற்றி வைத்துவிட்டு வா” என்கிறார்கள். நம்மை மட்டும் “வராதே” என்கிறார்கள்.

தாலி சமாச்சாரத்துக்கு நம் பாட்டிமார்கள் எப்போதோ வழி சொல்லி வைத்திருக்கிறார்களே! தாலியைப் பழுதுபார்க்க ஆசாரியிடம் கொடுத்தால் அன்றைக்கு என்ன செய்கிறோம்? மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிக்கொள்கிறோம். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, நர்ஸ் கழற்றச் சொன்னதும் என் மாமியார்தான் கழற்றி வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். அந்தக் காலத்து மனுஷி, சாமி கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். அவரே ஒரு வார்த்தை சொல்லவில்லை. மஞ்சளுக்கு மின்சாரமும் கிடையாது, கீறலும் விழாது. இதைக் கண்டுபிடிக்க தைவானிலிருந்து ஆள் வர வேண்டுமா?

அடுத்தது லீவும் பிரசவமும். இந்த வாதம் ரொம்பப் பழசு சகோதரிகளே. மும்பையில் ஒரு மருந்துக் கம்பெனியில், பாக்கிங் செய்கிற பெண்கள் கல்யாணம் பண்ணிக்கொண்டால் வேலை போய்விடும் என்று விதி வைத்திருந்தார்கள். மணமானவர்கள் அடிக்கடி லீவு போடுவார்கள், கூட்டாகச் செய்கிற வேலை கெட்டுவிடும் என்று கம்பெனி வாதாடியது. 1965-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. பிரசவ லீவைத் தவிர வேறு வித்தியாசம் ஏதும் இல்லை, அதையும் கொஞ்சம் கூடுதல் ஆட்களை வைத்துச் சமாளிக்கலாம் என்று சொல்லி அந்த விதியை ரத்து செய்தது. நான் பிறப்பதற்கும் முன்னால் வந்த தீர்ப்பு! என் மகளிடம் அதே கேள்வியை இன்னமும் கேட்கிறார்கள்.

பிரசவ காலச் சம்பளமாவது கம்பெனிக்குச் சுமையா என்று பார்த்தால் அதுவும் இல்லை. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்கள் இ.எஸ்.ஐ.யில் வருகிறார்கள். 26 வார பிரசவ லீவுக்கான பணத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கிறது. அதற்காகத்தான் மாதாமாதம் தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதமும், கம்பெனி பங்காக 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். மகளின் பழைய சம்பளச் சீட்டுகள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. நாலு வருஷமும் தவறாமல் பிடித்திருக்கிறார்கள். பிரசவத்தின்போதுதான் அவள் வேலையில் இல்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1976-ல் வந்த சம ஊதியச் சட்டம், ஆள் எடுப்பதில் பெண்ணிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. இப்போது அது ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் அது ஆணையும் பெண்ணையும்தான் ஒப்பிடுகிறது. இங்கே பெண்களைத்தானே ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள்! கல்யாணமான பெண்ணைத்தான் தடுக்கிறார்கள். “நாங்கள் பெண்களுக்கு எதிரியா?” என்று கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? அந்த ஓட்டையை அடைக்க ஒரே ஒரு வரி போதும். மணமானவர், ஆகாதவர் என்ற பேதம் கூடாது என்று நம் மாநில அரசாவது தெளிவாக எழுதி வைக்கலாமே.

மூன்றாவது காரணம் குடும்பப் பொறுப்பு. இதை மட்டும் என்னால் சும்மா தள்ளிவிட முடியவில்லை, ஏனென்றால் இது உண்மை. தொழிற்சாலையில் பெண்கள் ராத்திரி வேலை செய்யக் கூடாது என்றிருந்த சட்டப் பிரிவை 2000-ம் ஆண்டு சென்னை ஐகோர்ட் நீக்கியது. பாதுகாப்பு நிபந்தனைகளும் விதித்தது. நல்லதுதான். ஆனால் ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவள் காலையில் படுக்க முடியுமா? பால் காய்ச்சணும், குழந்தையைக் கிளப்பணும், டிபன் பாக்ஸ் கட்டணும். ஒன்பது மணிக்குத் தலையணையில் சாய்ந்தால், கேஸ் சிலிண்டர்க்காரர் மணி அடிப்பார்! வேலை செய்கிற ஆம்பளைக்கும் குடும்பம் இருக்கிறது, அவருக்குக் குடும்பப் பொறுப்பு இல்லை. எந்த ஏஜென்ட்டும் அவரிடம், “குழந்தையை யார் பார்த்துக்குவாங்க?” என்று கேட்பதில்லை.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி பெரிய ஹாஸ்டலை முதல்வர் திறந்து வைத்தார். செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். குறை சொல்ல மாட்டேன். 2021 டிசம்பரில் ஒரு தனியார் ஹாஸ்டல் சாப்பாட்டில் விஷம் ஏறி, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் படுத்ததும், கூட வேலை செய்தவர்கள் விடிய விடிய பெங்களூரு ஹைவேயில் உட்கார்ந்ததும் எங்களுக்கு மறக்கவில்லை. நல்ல ஹாஸ்டல் வேண்டியதுதான். ஆனால் 18,720 கட்டில் போட முடிந்த அரசாங்கத்துக்கு, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நூறு தொட்டில் கட்ட முடியாதா? ராத்திரி ஷிப்ட்டுக்கும் திறந்திருக்கிற மாதிரி? 50 பேர் வேலை செய்கிற இடத்திலேயே குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வந்தாயிற்று. தாய்மார்களையே எடுக்காவிட்டால் காப்பகம் எதற்கு என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ!

ஒவ்வொரு ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதும் ‘இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அந்த வேலை எத்தனை வருஷத்துக்கு என்று யாராவது கேட்டிருக்கிறோமா? 2006-ல் இங்கே நோக்கியா கம்பெனி வந்தபோது இப்படித்தான் கொண்டாடினோம். அங்கேயும் பெண்கள்தான் அதிகம். 2014 நவம்பரில் மூடிவிட்டார்கள். கம்பெனி மூடினாலும் நம் பெண்ணுக்கு வேலை போகிறது, கம்பெனி நன்றாக நடந்தாலும் கழுத்தில் தாலி ஏறினால் வேலை போகிறது. நிலம், தண்ணீர், சாலை, சலுகை எல்லாம் கொடுக்கிற அரசாங்கம், முப்பது வயசுக்கு மேற்பட்டவர் எத்தனை பேர், தாய்மார்கள் எத்தனை பேர் என்று வருஷா வருஷம் கணக்குக் கேட்டு, அதைப் பேப்பரிலும் போடட்டும். மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை எனக்கு வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. மளிகைக்கு ஆகிறது. என் மகள் வேலையில் இருந்தபோது கையில் வாங்கியது 13,000.

2024 நவம்பரில் இன்னொரு செய்தி வந்தது. ஆள் எடுக்கிற ஏஜென்ட்டுகள் விளம்பரத்தில் வயசு, ஆணா பெண்ணா, கல்யாணம் ஆனவரா என்பதையெல்லாம் போடக் கூடாது என்று பாக்ஸ்கான் சொல்லிவிட்டதாம். விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், சரி. மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் மனசிலிருந்து எடுத்தார்களா என்பது போய்ப் பார்த்தால்தானே தெரியும்?

வருகிற திங்கட்கிழமை பக்கத்து ஊரில் ஆள் எடுக்கிறார்களாம். மகள் சான்றிதழை எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துவிட்டாள். நேற்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது என்னிடம் வந்து, “அம்மா, மெட்டியோட போகட்டுமா, கழட்டி வெச்சுட்டுப் போகட்டுமா?” என்று கேட்டாள்.

பொய் சொல்லிப் போ என்று பெற்றவள் சொல்லலாமா? நிஜத்தைச் சொல்லித் திரும்பி வா என்றும் எப்படிச் சொல்வேன்? இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள் சகோதரிகளே? எழுதுங்களேன்.

- ஒரு தாய், ஒரகடம் அருகே.