“புரளிதானே” என்கிற அலட்சியம்

போன வாரம் காலை பதினொரு மணிக்குப் பேத்தியின் பள்ளியிலிருந்து போன். உடனே வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள், காரணம் சொல்லவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் வாசலில் போலீஸ் ஜீப், மோப்ப நாயோடு இரண்டு காவலர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகப் பைகளை உள்ளேயே விட்டுவிட்டு வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்திய ஒரு தகப்பனார் சொன்னார்: “எவனோ குண்டு வெச்சிருக்கேன்னு மெயில் அனுப்பியிருக்கான் சார். புலி வருது கதைதான். போலீஸ் இதையெல்லாம் கண்டுக்கவே கூடாது. அரை நாள் லீவு வீணாப்போச்சு.” சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்து வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. புலி வருது கதையைச் சொல்கிறவர்கள் அதன் முடிவை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். கடைசியில் புலி வந்தது.

சென்னைக்கும் வந்தது. 1984 ஆகஸ்ட் 2, மீனம்பாக்கம். கொழும்பு போகும் ஏர் லங்கா விமானத்துக்காகப் பெட்டிகளைப் பதிந்த பயணி விமானம் ஏறவில்லை. பெட்டிகள் விமான நிலையக் கட்டடத்துக்குள்ளேயே கிடந்தன. குண்டு இருக்கிறது என்று தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. அதற்குப் பிறகும் அந்தப் பெட்டிகள் உரிய நேரத்தில் அகற்றப்படவில்லை. இரவு பதினொரு மணியை நெருங்கும்போது வெடித்தது. 33 பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இலங்கைக்காரர்கள், ஊர் திரும்பக் காத்திருந்தவர்கள். “கண்டுக்கவே கூடாது” என்கிறவர்கள் இந்த 33 பேரின் வீட்டு வாசலில் போய் நின்று அதைச் சொல்லட்டும்.

நூறு மிரட்டலில் நூறும் பொய்யாகப் போகலாம். அது பொய் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? ஒருவர் உள்ளே போய்ப் பையைத் திறந்து பார்த்ததால்தான் தெரிகிறது. திறக்கும் அந்த நொடியில் அவருக்குப் புரளி என்று எதுவும் கிடையாது. மீனம்பாக்கத்துப் பெட்டியும் வெடிக்கும்வரை வெறும் பெட்டியாகத்தான் இருந்தது.

சேதமில்லாத விளையாட்டு என்பதும் சுத்தப் பொய். 2024 அக்டோபர் 15 அன்று மதுரையிலிருந்து சிங்கப்பூர் போன ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்துக்கு மிரட்டல் வந்தது. சிங்கப்பூர் விமானப்படையின் இரண்டு போர் விமானங்கள் எழும்பி, மக்கள் நெருக்கமில்லாத பக்கமாக அதை அழைத்துப்போய்ப் பிறகே இறங்க விட்டன. உள்ளே இருந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். அதே நாள் டெல்லியிலிருந்து சிகாகோ போன விமானம் இன்னொரு மிரட்டலால் கனடாவின் வடபகுதியில் இக்கலூயிட் என்ற சிறு நகரில் இறங்கியது. பயணிகளைக் கனடா விமானப்படைதான் சிகாகோவுக்குக் கொண்டுசேர்த்தது. இதற்கு ஆன செலவும் பதற்றமும் யார் தலையில்? அந்த மாதப் பிற்பாதி முழுக்க இதே கூத்து. இந்திய விமானங்களுக்கு நூற்றுக்கணக்கான மிரட்டல்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் ஒரே நாளில் 13 தனியார் பள்ளிகளுக்கு மின்னஞ்சல்.

2024 டிசம்பரில் விமானப் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்று எழுதிவைத்தார்கள். எழுதினால் போதுமா? விபிஎன் மறைவில் உட்கார்ந்திருப்பவனைப் பிடித்தால்தானே அபராதம்! பிடிபட்டாலும், “விளையாட்டுக்குச் செஞ்சான், பாவம், விட்டுடுங்க” என்று பேச நம்மில் ஆள் இருக்கிறது. விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டு, “பையில பாம் இருக்கு” என்று சிரிக்கிறவனும் இந்த ஜாதிதான். அவனை விமானத்திலிருந்து இறக்கினால், கூட வந்தவர்கள் அதிகாரியோடு சண்டைக்குப் போகிறார்கள்.

தொலைக்காட்சிக்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சோதனை முடிவதற்குள் பள்ளியின் பெயரைச் சிவப்பு எழுத்தில் ஓடவிட்டு, பின்னால் திகில் இசை போட்டு, மிரட்டியவனுக்கு அவன் கேட்ட மேடையைக் கொடுக்கிறார்கள். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களோ அதைவிட மோசம். எந்தப் பள்ளி என்று தெரியாமலே பத்துப் பெயர்களைப் பரப்பிப் பெற்றோரை நடுத்தெருவில் ஓடவிடுகின்றன.

இந்த அலட்சியம் மிரட்டலோடு நிற்பதில்லை. மின்சார ரயிலில் இருக்கைக்கடியில் கேட்பாரற்ற பை கிடந்தால், நம்மவர்கள் அதைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். தாம்பரம் வண்டியில் என் கண்ணெதிரே நடந்தது இது. “யாருதுங்க இந்தப் பை?” என்று நான் கேட்டதற்கு, பயந்தாங்கொள்ளி என்பதுபோல் பார்த்தார்கள். அந்த வண்டி மீனம்பாக்கம் நிலையத்தைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தது.

பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் காதுபட “புரளிதான்” என்று சொல்லாதீர்கள். நாளைக்கு மணி அடித்து வெளியே வா என்றால் அவர்கள் எழுந்து வர வேண்டும்.