பன்னிரண்டு நாள் சட்டம்

கீழ்க்கட்டளை மளிகைக் கடைகளில் கடல்பாசி கிடைக்கும். பாக்கெட்டுக்குள் வெள்ளை வெள்ளையாக நார் போல இருக்கும். நோன்பு மாதத்தில் விற்பனை கூடும். தண்ணீரில் கரையக் காய்ச்சி, பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் ஊற்றி வைத்தால் வெளியிலேயே உறைந்துவிடும். அது எந்த ஆலையில் ஆனது, எப்போது கெடும் என்றெல்லாம் உறையில் அச்சடித்திருப்பார்கள். அதற்கான பாசியைக் கடலடிப் பாறையிலிருந்து பறித்த கை யாருடையது என்பதை மட்டும் அச்சடிப்பதில்லை.

தமிழ்நாட்டில் அந்தக் கை பெரும்பாலும் பெண்ணின் கை. பாம்பன், மண்டபம், சின்னப்பாலம் என்று ராமநாதபுரம் கரை நெடுகப் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய ஆழமில்லாத கடலில் மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறிக்கிறார்கள். ஆக்சிஜன் உருளை கிடையாது, நீச்சலுடை கிடையாது. சேலைக்கு மேல் ஒரு சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச்சுற்று, இடுப்பில் ஒரு வலைப்பை. அகார் தருவது மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும். ஆல்ஜினேட் எடுக்கக் கட்டக்கோரை. இந்தப் பெயர்கள் ஆய்வகத்தில் வைத்தவை அல்ல.

1986-இல் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அன்றிலிருந்து, அம்மா போன இடத்துக்கு மகள் போனால் அத்துமீறல், அம்மா பறித்ததை மகள் பறித்தால் குற்றம். நிலத்துக் காட்டில் வாழ்பவர்களுக்கு 2006-இல் வன உரிமைச் சட்டமாவது வந்தது. தேனும் புளியும் எடுக்கும் உரிமை எழுத்தில் ஏறியது. கடலில் விளைவதை எடுக்கும் பெண்ணுக்கு அப்படி ஒரு சட்டம் இன்றுவரை இல்லை.

“பூங்கான்னா உள்ள போகக் கூடாதுதானேம்மா? கடலைக் காப்பாத்தணும்ல?” என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் கேட்டார். நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஏரியைச் சீரமைப்பது என்று பேச்செடுத்தாலே வேலி, நடைபாதை, சிமெண்ட் பெஞ்சு என்றுதான் போகும். கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த அக்கா அந்தப் படத்தில் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஆளை வெளியேற்றினால் இயற்கை பிழைத்துக்கொள்ளும் என்பது படித்த நகரவாசியின் நம்பிக்கை. வெளியேற்றப்படும் ஆள் எப்போதும் ஒரே மாதிரி ஆளாக இருப்பது அவர் கண்ணில் படுவதில்லை.

சரி, கடலைக் கெடுத்தது யார்? அந்த 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு இப்போது நீருக்கு அடியில். சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததுதான் அவற்றைக் கரைத்தது. இழுவலை கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகிறது. 2016-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துச் செத்தன. இதில் எதுவும் விரலில் துணி சுற்றிய பெண் செய்தது அல்ல.

அவர்கள் செய்தது வேறு. மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசிக்குப் போவது என்று தாங்களே கூடி முடிவெடுத்தார்கள். சுரண்டும் இரும்புக் கருவி கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். மீன் இனப்பெருக்கக் காலத்தில் பாசிக்கும் ஓய்வு. இதை வெறும் ஒழுக்கம் என்று பாராட்டி முடித்துவிடக் கூடாது, இதில் தாவரவியல் இருக்கிறது. பாசிக்கு வேர் கிடையாது. அடியில் ஒரு பற்று உறுப்பால் பாறையைப் பிடித்திருக்கிறது. மேல்பகுதியைக் கிள்ளினால் அந்த அடி மறுபடி துளிர்க்கும். இரும்பால் சுரண்டினால் அடியும் போகும், பாறையும் பெயரும். மரிக்கொழுந்துப் பாசி மெதுவாக வளர்வது. மாதத்தில் மீதி நாட்கள் அது வளர்வதற்கு. கடல்தாவரங்களை மீட்டெடுப்பது பற்றி எழுதப்படும் திட்ட அறிக்கைகள் சுற்றி வளைத்துச் சொல்வதும் இதைத்தான்: அளவாக எடு, அடியை விடு, இடைவெளி கொடு. சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண்ணான லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. வெளிநாட்டு அமைப்புக்குத் தெரிந்த சட்டம் நம் சட்டப் புத்தகத்தில் ஏறவில்லை.

நம் அரசுக்குப் பாசி பிடிக்காமல் இல்லை. பிடித்த பாசி வேறு. கப்பாஃபைகஸ் என்பது இந்தக் கடலுக்குச் சொந்தமில்லாத இனம். 1980-களில் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, 2000-க்குப் பிறகு பெப்சிகோவின் ஒப்பந்தத்தோடு மண்டபம் கரையில் மூங்கில் மிதவைகளில் வளர்ந்தது. 2008-இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் அது படர்ந்திருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆபத்து எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் உண்டு, நடக்கட்டும். என் கேள்வி எளியது. அந்நியப் பாசியைக் கட்டி வளர்ப்பவளுக்கு மானியம், சொந்தப் பாசியைக் கிள்ளுபவளுக்கு விரட்டல் என்றால், இங்கே காக்கப்படுவது என்ன? 2023-இல் வலமாவூரில் ரூ.127.71 கோடியில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த வகைத் திட்டங்களில் பெண் ‘பயனாளி’. பயனாளி என்றால் கயிறும் நாற்றும் வாங்கிக்கொள்பவள். எங்கே, எப்போது, எவ்வளவு என்று முடிவெடுப்பவள் அல்ல.

பாசியின் வரலாற்றில் இது பழைய கதை. 1881-இல், கிருமிகளை வளர்க்க ஜெலட்டினுக்குப் பதில் அகார் போடலாம் என்று ராபர்ட் காக்கின் ஆய்வகத்துக்கு வழி சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸே. ஜாவாவிலிருந்து வந்த குடும்பத்தின் வழியாக அவர் கற்ற சமையலறைப் பாடம் அது. அடுத்த ஆண்டு காக் எழுதிய காசநோய்க் கட்டுரையில் அகார் இருக்கிறது, ஃபேனி இல்லை. ஜப்பானின் நோரிப் பாசி வாழ்க்கைச் சுழற்சியின் புதிரை 1949-இல் அவிழ்த்த கேத்லீன் ட்ரூ-பேக்கர், திருமணமானவர் என்பதால் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சம்பள வேலையை இழந்தவர். 1963-இல் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பியவர்கள் ஜப்பானியப் பாசி விவசாயிகள்.

இப்போது கெல்ப் காடுகளைப் பற்றிய ஆவணப்படங்களை நம் தோழிகளும் பகிர்கிறார்கள். கலிஃபோர்னியாவிலும் டாஸ்மேனியாவிலும் அந்தக் காடுகள் அழிவது எனக்கும் வலிக்கிறது. ஆனால் கெல்ப் குளிர்ந்த கடலின் மரம், நம் கடலில் வளராது. அதன் உறவான பழுப்புப் பாசிதான் இங்கே கட்டக்கோரை. தூரத்துக் காட்டுக்கு அழும் பெண்ணியம் ராமநாதபுரம் வரை ஒரு பஸ் ஏற வேண்டும். கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கி மூழ்கும் ஹேன்யோ பெண்களின் பண்பாட்டை 2016-இல் யுனெஸ்கோ மானுடத்தின் மரபாகப் பட்டியலிட்டது. அவர்கள் புகைப்படத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ளும் நாம், அதே வேலையை அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கணக்குப் பார்த்துச் செய்யும் நம் பெண்களை ‘வாழ்வாதாரப் பிரச்சினை’ என்ற தலைப்பில் ஒதுக்கிவிடுகிறோம்.

“எல்லோரும் இறங்கினால் பாசி தீராதா?” என்று கேட்கலாம். தீரலாம். கடல் சூடாகிக்கொண்டே போனால் யாரும் இறங்காமலேயே தீரலாம். அப்போது 12 நாளைப் பத்தாகக் குறைக்க வேண்டி வரும், சில பாறைகளை ஓராண்டு தொடாமல் விட வேண்டி வரும். எந்தப் பாறை என்று ஒவ்வொரு மாதமும் கண்ணால் பார்ப்பவர்கள் அவர்கள். ஆகவே தீவுகளின் மேலாண்மைக் குழுவில் பாசி எடுக்கும் பெண்களுக்கு வாக்குரிமையுள்ள இடம் வேண்டும், பாதியாவது வேண்டும். 12 நாள் விதியை அரசாணையாக்கி, அந்த நாட்களில் அவர்கள் கடலில் இருப்பது உரிமை என்று எழுத வேண்டும். அதை மீறுபவரை விசாரிக்கும் அதிகாரமும் அந்தப் பெண்களின் சங்கத்துக்கே போக வேண்டும்.